நிறநீரைக் கடக்கும் ஒளி

கிணற்று நீரில் நோய்க்கிருமிகள் ஒழிய வேண்டுமென்று நம் ஊர்களில் தூவப்பட்டுவந்த பெர்மாங்கனேட் உப்பைப் பார்த்திராதவர் முந்திய தலைமுறையில் அருமை. கறுத்து மின்னும் அந்தப் படிகத்தின் ஒரு துணுக்கு, நீரில் விழுந்த மாத்திரத்தில் ஊதா நிற இழைகளாகப் பிரிந்து கீழிறங்கி, ஒருமுறை கலக்கிவிட்டால் பாத்திரம் முழுவதையும் ஒரே நிறமாக்கிவிடும். நிறமுள்ள ஒரு கரைசலினூடே ஒளி செல்லும்போது அதில் எவ்வளவு மறைகிறது, எவ்வளவு எஞ்சுகிறது என்னும் கேள்வியே இந்த அத்தியாயத்தின் பொருள். அதன் சூட்சுமம் முழுவதையும் அந்த உப்பில் ஒரு துணுக்கும், நேரான சுவருள்ள ஒரு கண்ணாடித் தம்ளரும், ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு வீட்டிலேயே பிரத்தியட்சமாகக் கண்டுவிடலாம்.

தம்ளரில் ஒரு பரிசோதனை

தம்ளரின் உட்புற அகலம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி, ஏறக்குறைய 3 மில்லிகிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கவாட்டில், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிறகு தம்ளரைச் சுற்றிக் கறுப்புத் தாளைச் சுருட்டிவைத்து, வெளிச்சம் படும் வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாகப் பாருங்கள். இரண்டு நிறங்களையும் மனத்தில் வாங்கிக்கொண்டு, நீரின் உயரம் 10 சென்டிமீட்டர் ஆகும் வரை தெளிந்த நீரை ஊற்றிக் கலக்கிவிட்டு, மறுபடியும் இரண்டு விதமாகவும் பாருங்கள்.

பக்கவாட்டில் நிறம் வெளுத்துவிட்டது. அதில் வியப்பில்லை, நீர் ஊற்றினால் வெளுக்கும் என்பது பாலில் நீர் கலப்பவர்களும் அறிந்த விஷயம். ஆனால் மேலிருந்து பார்க்கும்போதோ நிறம் அணுவளவும் மாறவில்லை! நீரை இரட்டித்தும், கரைசலின் அடர்வு பாதியாகியும், கண்ணுக்கு எட்டும் நிறம் முன்போலவே இருக்கிறது. காரணம் யாதெனில், உப்பின் துகள்கள் இரண்டு மடங்கு விலகிப் போனாலும், ஒளி கடக்க வேண்டிய வழியும் இரண்டு மடங்கு நீண்டுவிட்டதால், தாளிலிருந்து கண் வரை வரும் ஒளிக்கற்றை வழியில் சந்திக்கும் துகள்களின் தொகை மாறவே இல்லை. ஒளிக்கு இடையூறு செய்வது தூரமும் அன்று, அடர்வும் அன்று, அவ்விரண்டின் பெருக்கற்பலனே. இந்த ஒரு வாக்கியத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டவருக்கு மற்றவை தாமே விளங்கும்.

இனி, அந்தத் துகள்கள் ஒளியை எவ்வாறு குறைக்கின்றன என்று பார்ப்போம். கரைசலை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் தகடு உள்ளே வந்த ஒளியில் பாதியை விழுங்கிவிடுகிறது என்றால், அதே தடிமனுள்ள இரண்டாவது தகடு மீதிப் பாதியையும் விழுங்கி ஒளியை ஒழித்துவிடும் என்று அவசரப்பட்டு எண்ணத் தோன்றும். அது தவறு. அரசனுக்குக் குடிகள் செலுத்திய ஆறில் ஒரு பங்கு எவ்வாறு விளைச்சலைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வந்ததோ, அவ்வாறே ஒவ்வொரு தகடும் தன்னிடம் வந்து சேரும் ஒளியில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளுமேயன்றி, ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் தலைவரியைப் போல் ஒரு நிலையான அளவை எடுத்துக்கொள்வதில்லை. வந்த ஒளி நூறானால் முதல் தகட்டைக் கடந்தது ஐம்பது. இரண்டாவதைக் கடந்தது இருபத்தைந்து. மூன்றாவதைக் கடந்தது பன்னிரண்டரை. தகடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டுத்தொடராக ஏற, ஒளியோ பெருக்குத்தொடராக இறங்குகிறது. எத்தனை தகடுகளைக் கடந்தாலும் அது முற்றிலும் பூஜ்யமாவதில்லை.

மூவர் கண்ட விதி

இந்த உண்மையை முதன்முதலில் நூலாக எழுதியவர் பியர் பூகே என்னும் பிரெஞ்சுக்காரர். பிரிட்டனி கடற்கரையில் லெ குருவாசிக் என்ற துறைமுகத்தில் 1698 இல் பிறந்த அவர், மாலுமிகளுக்குக் கடற்சாஸ்திரம் போதித்துவந்த தந்தை இறந்தபோது, பதினைந்து பதினாறு வயதுப் பாலகனாக இருந்தும் அந்த ஆசிரியப் பதவியை ஏற்று நடத்திய மேதை. ஒளியை அளக்கும் கருவி எதுவுமே இல்லாத அக்காலத்தில், மனிதக் கண்ணின் பலவீனத்தையும் பலத்தையும் அவர் ஒருங்கே உணர்ந்திருந்தார். ஓர் ஒளி மற்றோர் ஒளியைப் போல் எத்தனை மடங்கு என்று கேட்டால் கண்ணால் சொல்ல இயலாது. ஆனால் அருகருகே விழுந்த இரண்டு ஒளிகள் சமமா, அல்லவா என்று கேட்டால் கண் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆகவே இரண்டு திரைகளில் இரண்டு விளக்குகளின் ஒளியை விழச்செய்து, இரண்டும் சமமாகத் தோன்றும் வரை ஒரு விளக்கைத் தள்ளிவைத்து, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்ற விதியைக் கொண்டு அளவைக் கணக்கிட்டார். இவ்வாறு கண்டவற்றை 1729 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்; ஒளி ஓர் ஊடகத்தில் பெருக்குத்தொடராகக் குறைகிறது என்னும் விதி அந்நூலில் தெளிவாகக் கூறப்பட்டிருக்கிறது. பின்னர் பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவுக்குப் பயணமான பிரெஞ்சுக் குழுவில் இடம்பெற்று, ஆண்டிஸ் மலைகளில் பல வருஷங்கள் பாடுபட்டவரும் இவரே.

அடுத்தவர் யோஹான் ஹைன்ரிஹ் லாம்பர்ட். 1728 இல் மூல்ஹவுஸ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, பெரும்பாலும் தாமே கற்றுத் தேறி, பை என்னும் எண்ணை இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுதவே முடியாது என்று நிரூபித்த கணித வல்லுநர் அவர். 1760 இல் ‘ஃபோட்டோமெட்ரியா’ என்ற பெயரில் அவர் லத்தீனில் எழுதிய பெருநூல், பூகே கண்ட விதிக்குக் கணித உருவம் அளித்தது. தமக்கு முன் எழுதிய பூகேயின் பெயரை லாம்பர்ட் மறைக்கவில்லை. ஆயினும் உலகம் அந்த விதிக்கு லாம்பர்ட்டின் பெயரைச் சூட்டிவிட்டது.

இவ்விருவரும் பேசியது ஊடகத்தின் தடிமனைப் பற்றியே. அடர்வைப் பற்றிய மற்றொரு பாதியைச் சேர்த்தவர் ஜெர்மனியின் டிரியர் நகரத்தில் 1825 இல் பிறந்த ஆகஸ்ட் பீர். நிறமுள்ள திரவங்களில் சிவப்பு ஒளி எவ்வாறு உட்கவரப்படுகிறது என்பதை ஆராய்ந்து 1852 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், கரைசலை இரண்டு மடங்கு நீர்க்கச்செய்து குழாயையும் இரண்டு மடங்கு நீளமாக்கினால் வெளிவரும் ஒளி மாறுவதில்லை என்று காட்டினார். தம்ளரில் நாம் கண்டது இதையே அன்றோ? நூற்றிருபத்துமூன்று வருஷ இடைவெளியில் தோன்றிய இவ்விரு கண்டுபிடிப்புகளும் சேர்ந்தே இன்று பீர்–லாம்பர்ட் விதி என்று வழங்குகின்றன.

எண்ணிலிருந்து ஒளிக்கு

பெருக்கிப் பெருக்கி வரும் கணக்கைக் கூட்டிக் கூட்டிச் செய்யும் கணக்காக மாற்றும் உபாயத்தை, பூகே பிறப்பதற்கு முன்பே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614 இல் உலகுக்கு அளித்திருந்தார்; அதுவே மடக்கை. ஒளி பெருக்குத்தொடராகக் குறைவதால் அதன் மடக்கை கூட்டுத்தொடராகக் குறையும். ஆகையால், கரைசலுக்குள் புகும் ஒளிச்செறிவை வெளிவரும் ஒளிச்செறிவால் வகுத்து, கிடைக்கும் விகிதத்துக்குப் பத்தை அடியாகக் கொண்ட மடக்கையை எடுத்தால், தடிமனுக்கும் அடர்வுக்கும் நேர்விகிதத்தில் வளரும் ஓர் எண் கிடைக்கிறது. இந்த எண்ணுக்கு உட்கவர்திறன் என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் அன்றாடப் பேச்சில் ‘ஓ.டி.’ என்பார்கள்.

உட்கவர்திறன் = மோலார் உட்கவர் குணகம் × அடர்வு × ஒளி கடக்கும் தூரம்.

இதுவே விதியின் சுருக்கம். இதில் குணகம் என்பது அந்தந்தப் பொருளுக்கும் அந்தந்த அலைநீளத்துக்கும் உரிய எண். பெர்மாங்கனேட் பச்சை ஒளியை விரும்பி விழுங்கி, சிவப்பையும் ஊதாவையும் விட்டுவிடுவதனால்தான் நம் கண்ணுக்கு ஊதா நிறமாகத் தோன்றுகிறது. 525 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சையில், லிட்டருக்கு ஒரு மோல் அடர்வும் ஒரு சென்டிமீட்டர் தூரமும் கொண்டு கணக்கிட்டால் அதன் குணகம் ஏறக்குறைய 2400.

கருவி காட்டிய உட்கவர்திறனிலிருந்து ஒளிக்குத் திரும்பிச் செல்லும் வழியும் எளிதே. மடக்கையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்: பத்தை உட்கவர்திறன் என்னும் அடுக்குக்கு உயர்த்தி, வரும் எண்ணால் புகுந்த ஒளியை வகுத்தால் வெளிவரும் ஒளி கிடைத்துவிடும். உட்கவர்திறன் பூஜ்யமானால் ஒளி முழுவதும் வெளிவருகிறது, 0.3 ஆனால் ஏறக்குறைய பாதி, 0.6 ஆனால் கால் பங்கு. 1 ஆனால் நூற்றில் பத்து. 2 ஆனால் நூற்றில் ஒன்று. 3 ஆனால் ஆயிரத்தில் ஒன்று. ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை இருமடங்கு அன்று, பத்து மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கரைசல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அவற்றின் உட்கவர்திறன்களைக் கூட்டலாம்; ஆனால் அவை ஊடுருவவிட்ட ஒளியின் பங்குகளைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது, பெருக்கவே வேண்டும். இக்கணக்கில் மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில்தான் பிறக்கின்றன.

ஒரு கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் பெர்மாங்கனேட்டைக் கரைத்தால் அதன் அடர்வு லிட்டருக்கு 0.00025 மோல். அதை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள சதுரக் குப்பியில், ஆய்வுக்கூடத்தார் குவெட் என்று சொல்லும் அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில், ஊற்றினால் உட்கவர்திறன் 0.6. பத்தை 0.6 அடுக்குக்கு உயர்த்தினால் 3.98, ஆகவே புகுந்த பச்சை ஒளியில் நூற்றுக்கு 25.1 பங்கு வெளிவந்து, 74.9 பங்கு உள்ளே தங்கிவிடுகிறது. இந்தத் தங்கல் குப்பி முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் ஒரு மில்லிமீட்டரிலேயே 12.9 பங்கு மறைந்துவிடுகிறது. கடைசி மில்லிமீட்டருக்குக் கிடைப்பதோ 3.7 பங்குதான். ஒளியால் நிகழும் ரசாயன மாறுதல்களை ஆராய்பவர்கள் கரைசலை இடைவிடாது கலக்கிக்கொண்டே இருப்பதன் முதற்காரணம் இந்த ஏற்றத்தாழ்வே.

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். குப்பியின் ஒரு சதுர சென்டிமீட்டர் முகத்தில் ஒரு மில்லிவாட் பச்சை ஒளி விழுகிறதென்றால், விநாடிக்கு ஏறக்குறைய 26 கோடி கோடி ஒளித்துகள்கள் அதில் நுழைகின்றன. அவற்றில் 20 கோடி கோடி உள்ளே பிடிபடுகின்றன. வழியில் நிற்கும் பெர்மாங்கனேட் அயனிகளின் தொகையோ ஏறக்குறைய 1500 கோடி கோடி. வகுத்துப் பார்த்தால், ஓர் அயனியின் முறை சராசரியாக 75 விநாடிக்கு ஒரு தடவை வருகிறது. நமக்கு அசைவற்ற ஊதா நீராகத் தோன்றும் ஒரு மில்லிலிட்டருக்குள், ஒவ்வோர் அயனியும் ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு துளி ஒளியை ஏந்துகிறது என்பதை, ஒரு மடக்கை அட்டவணையின் உதவியால் நம்மால் கூற முடிகிறது என்றால், எளிய ஒரு விதியின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வளவையும் கணக்கிட முடிந்தது, புகுந்த ஒளி ஒரு மில்லிவாட் என்று முன்கூட்டியே நாம் வைத்துக்கொண்டதனால்தான். உட்கவர்திறன் வெறும் விகிதம், அது 0.6 என்று மட்டும் சொன்னால், வெளிவந்தது சூரிய ஒளியில் கால் பங்கா, மெழுகுவர்த்தி ஒளியில் கால் பங்கா என்று தெரியாது. புகும் ஒளியை வேறு வழியில் அளந்தே தீரவேண்டும். அன்றியும் கண்ணாடிச் சுவரின் ஒவ்வொரு புறப்பரப்பிலும் காற்றைச் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கு ஒளி பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. ஆகையினாலேயே, நிறப்பொருள் இல்லாத வெறும் நீரை அதே குப்பியில் ஊற்றி, அதைக் கடந்து வரும் ஒளியையே நூறு என்று குறித்துக்கொண்டு, பிறகு கரைசலை அளக்கிறார்கள். வெறும் நீரை அளக்கும் அந்தச் சில விநாடிகளைச் சோம்பலால் தவிர்ப்பவர், கண்ணாடி செய்த குறையை உப்பின் தலையில் ஏற்றிவிடுகிறார்.

விதி வழுவும் இடங்கள்

எந்த விதியும் தன் எல்லையைத் தெரிந்தே பேசுகிறது. பீர்–லாம்பர்ட் விதி, ஒரே அலைநீளமுள்ள ஒளிக்கும், கலங்கலற்ற தெளிந்த கரைசலுக்கும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத துகள்களுக்கும் உரியது. செம்மஞ்சள் நிறமுள்ள டைகுரோமேட் கரைசலில் நீரை ஊற்றினால் அது வெறுமே வெளுப்பதில்லை. டைகுரோமேட்டில் ஒரு பகுதி குரோமேட்டாக மாறி, நிறமே மஞ்சளை நோக்கித் திரும்புகிறது. அங்கே அடர்வு பாதியானால் உட்கவர்திறனும் பாதியாகும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். விதி பொய்த்துவிட்டதென்று கூறலாகாது, பொருளே வேறாகிவிட்டது.

மற்றொரு வழு கருவியைச் சேர்ந்தது. கரைசலைக் கடக்காமலே, அல்லது வேறு அலைநீளத்தில் நுழைந்து, நூற்றில் ஒரு பங்கு ஒளி எப்படியோ உணர்கருவியை அடைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான உட்கவர்திறன் 2 ஆக இருக்கும் கரைசலுக்கு அந்தக் கருவி 1.70 என்று காட்டும். உண்மையில் 3 ஆக இருப்பதற்கு 1.96 என்று காட்டும். கரைசலைத் தார் போல் கறுக்கச் செய்தாலும் இரண்டைத் தாண்டிச் சொல்லத்தக்க அளவு ஏறாது. பெரிய எண்ணைக் கண்டால் அதை நம்புவதற்கு முன் கரைசலை அளவறிந்து நீர்க்கச்செய்து மறுபடியும் அளக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை அளக்கும்போது, ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையும் உண்மைக்குச் சமமான உருவெடுத்து நிற்கும்.

விதியின் பயன்

கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துவந்த இவ்வளவையை மின்சாரக் கருவியிடம் ஒப்படைத்தவர்களில் தலைசிறந்தவர், இல்லினாய் மாகாணத்துச் சிற்றூரொன்றில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த ஆர்னால்ட் பெக்மன். அவருடைய நிறுவனம் 1941 இல் வெளியிட்ட நிறமாலை ஒளிமானி, கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியிலும் அளக்க வல்லதாக இருந்ததால், எலிகளுக்கு உணவூட்டி வாரக்கணக்கில் காத்திருந்து அறியவேண்டியிருந்த வைட்டமின் ஏ-யின் அளவைச் சில நிமிஷங்களில் அறிய வழி பிறந்தது. உடலில் நிகழும் எண்ணற்ற ரசாயன மாறுதல்களில் பங்குகொள்ளும் என்.ஏ.டி.எச். என்னும் பொருளின் குணகம் 340 நானோமீட்டரில் 6220 என்று ஹோரெக்கர், கோர்ன்பெர்க் என்னும் விஞ்ஞானிகள் 1948 இல் நிர்ணயித்தார்கள். இன்று கல்லீரலின் நிலையை அறிய மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எஸ்.ஜி.பி.டி. பரிசோதனையில் கருவி பார்ப்பது, அந்தப் பொருளின் உட்கவர்திறன் நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு குறைகிறது என்பதையே. கொரோனாக் காலத்தில் வீடுகள்தோறும் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டருக்கு மூலமான கருத்தை 1970-களில் ஜப்பானில் கண்டறிந்தவர் டகுவோ அவோயாகி. சிவப்பிலும் அகச்சிவப்பிலும் ரத்தத்தின் உட்கவர்திறன் நாடித்துடிப்போடு ஏறியிறங்குவதை அக்கருவி ஒப்பிடுகிறது. விரல் தெளிந்த கரைசல் அன்று. தோலும் சதையும் ஒளியைச் சிதறடிப்பதால், சூத்திரத்தை மட்டும் நம்பாமல், மனிதரிடம் அளந்து பெற்ற திருத்தங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

இக்கருவிகள் அனைத்தும் நமக்குக் காட்டுவது ஓர் எண்ணை மட்டுமே. அந்த எண் வசதியானது. கூட்டுவதற்கும் ஒப்பிடுவதற்கும் ஏற்றது. அதனாலேயே அதன் பின்னால் நிற்கும் ஒளியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கருவியில் உட்கவர்திறனைப் படித்தவுடன் குறிப்பேட்டில் அதனருகிலேயே, நூற்றில் எத்தனை பங்கு ஒளி வெளிவந்தது என்றும் எழுதி வையுங்கள். 0.6 என்றால் இருபத்தைந்து, 1 என்றால் பத்து, 2 என்றால் ஒன்று. அந்த இரண்டாவது எண் ஒன்றுக்கும் கீழே போகும் இடங்களில் முதல் எண்ணை நம்பாதீர்கள். நீரூற்றி நீர்க்கச்செய்து மீண்டும் அளந்து பாருங்கள்.